மூன்றாவது கிலோவாட்

2024 மே மாதம் எங்கள் வீட்டில் ஓடியது 455 யூனிட். மின்சாரக் கட்டணம் மட்டும் 3,084 ரூபாய். அதன்மேல் நிலைக் கட்டணம், மின் தீர்வை, எரிபொருள் சரிக்கட்டுத் தொகை என்று சின்னச் சின்ன வரிகள். பில்லைப் பார்த்த என் மனைவி எதுவும் சொல்லவில்லை. பகலில் கூடத்து மின்விசிறியை நிறுத்திவிட்டு விசிறிமட்டையை எடுத்துக்கொண்டார். நகரி வெயிலில் 80 வயது தாண்டிய என் தாயார் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அன்றுதான் சோலார் போட்டே தீருவது என்று முடிவெடுத்தேன்.

நான் நகரியில் ஒரு தறிக்காரரிடம் கணக்கு எழுதுகிறேன். ஆந்திர மாநிலம்தான், ஆனால் எங்கள் தெருவில் தமிழ்தான் பேச்சு. பில் தெலுங்கில் வரும், அதைப் பற்றிய புலம்பல் தமிழில் நடக்கும். முப்பது ஆண்டாகப் பாவுக்கும் ஊடைக்கும் கூலிக்கும் கணக்கு எழுதியவன் என்பதால், சோலார் கணக்கையும் யாரோ போட்டுக் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அந்தப் பிடிவாதம் எனக்கு ஏறத்தாழ 40,000 ரூபாயைக் காப்பாற்றியது. அதை எப்படிக் காப்பாற்றியது என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் வந்த விற்பனையாளர் மாடிக்குப் போய்ப் பார்த்தார், கீழே வந்து காபி குடித்தார், கைபேசியிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று கிலோவாட் பேனல் போடுங்கள். மாதம் 360 யூனிட் வரும். யூனிட் விலை 9 ரூபாய் 75 பைசா. மாதம் 3,510 ரூபாய் மிச்சம், ஆண்டுக்கு 42,120. விலை 1,98,000, அரசு மானியம் 78,000 போக உங்கள் கையிலிருந்து 1,20,000. மூன்றே ஆண்டுக்குள் போட்ட முதல் திரும்பிவிடும்.

பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் ஆண்டு முழுவதும் நான் கட்டும் பில்களைக் கூட்டினாலே ஏறத்தாழ 25,000 ரூபாய்தான். கட்டாத பணத்தை எப்படி மிச்சம் பிடிப்பது?

பிழை அந்த 9.75-இல் இருக்கிறது. ஆந்திரத்தில் வீட்டு மின்சாரம் ஒரே விலை அல்ல, படிப்படியாக ஏறும் விலை. மாதத்தின் முதல் 30 யூனிட் தலா 1.90 ரூபாய். 31 முதல் 75 வரை 3 ரூபாய். 76 முதல் 125 வரை 4.50. 126 முதல் 225 வரை 6 ரூபாய். 226 முதல் 400 வரை 8.75. 400-க்கு மேல் போனால்தான் 9.75. அந்த உச்சப் படியை நாங்கள் தொடுவது கோடையில் மட்டும். தொட்டாலும் ஐம்பது அறுபது யூனிட்டுக்குத்தான் அந்த விலை. விற்பனையாளர் எல்லா யூனிட்டையும் அந்த உச்சப் படியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டார்.

அன்றிரவு பழைய பில்களைத் தேடி எடுத்தேன். 2023 ஜூன் முதல் 2024 மே வரை பன்னிரண்டு மாதம், மொத்தம் 4,080 யூனிட். சராசரி மாதம் 340. டிசம்பரில் 225 வரை இறங்கியிருக்கிறது, மே மாதத்தில் 455 வரை ஏறியிருக்கிறது. இந்தப் பன்னிரண்டு தாள்தான் சோலார் கணக்கின் அடிப்படை. ஒரு மாத பில்லை, அதுவும் கோடை பில்லை வைத்துக் கணக்குப் போடுகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

340 யூனிட்டுக்குக் கட்டணம் 2,023 ரூபாய். நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட், மாதம் 120 யூனிட் தரும். இப்போது ஒவ்வொரு கிலோவாட்டாகப் போட்டுப் பார்த்தேன்.

முதல் கிலோவாட் போட்டால் 340 யூனிட் 220 ஆகும். பில் 987 ரூபாய். மாத மிச்சம் 1,036 ரூபாய்.

இரண்டாவது கிலோவாட் 220-ஐ 100 ஆக்கும். பில் 304 ரூபாய். இரண்டாவதால் கிடைக்கும் கூடுதல் மிச்சம் 683.

மூன்றாவது கிலோவாட் மீதி 100 யூனிட்டையும் துடைத்து, 20 யூனிட் மிச்சம் வைக்கும். ஆனால் அது துடைக்கும் யூனிட்டெல்லாம் 1.90-க்கும் 3 ரூபாய்க்கும் மிஞ்சினால் 4.50-க்கும் வாங்கும் மலிவு யூனிட்டுகள். கூடுதல் மிச்சம் வெறும் 304 ரூபாய்.

மூன்றும் ஒரே மாடியில் ஒரே வெயிலில் ஒரே அளவு மின்சாரம் தருபவை. ஆனால் முதலாவது 1,036 சம்பாதிக்கிறது, மூன்றாவது 304 சம்பாதிக்கிறது. கழிவது எப்போதும் மேல்படியிலிருந்து என்பதால்தான் இப்படி. சோலார் எத்தனை யூனிட் தரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது எந்த விலை யூனிட்டைக் கழிக்கும் என்று கேட்க வேண்டும்.

எனக்குக் கொடுத்த விலைப்பட்டியலில் ஒரு கிலோவாட் 75,000, இரண்டு 1,40,000, மூன்று 1,98,000. மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய் மானியம். மூன்றாவதற்கு 18,000. அதோடு 78,000-இல் நின்றுவிடும்; ஐந்து கிலோவாட் போட்டாலும் அவ்வளவுதான். ஆக, கையிலிருந்து போவது 45,000, 80,000, 1,20,000. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக நான் கூடுதலாகக் கொடுக்க வேண்டியது 40,000 ரூபாய். அது சம்பாதித்துத் தருவது ஆண்டுக்கு 3,650. பதினோரு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம். இரண்டு கிலோவாட்டுக்கோ ஆண்டுக்கு 20,600 ரூபாய் மிச்சம், நான்கு ஆண்டுக்குள் போட்டது திரும்பும்.

இரண்டு போதும் என்றேன். அடுத்த தெருவில் இருக்கும் என் மைத்துனர், "மாமா, போடுவதுதான் போடுகிறீர்கள், மூன்றாகவே போட்டுவிடுங்கள், பில் பூஜ்யம் வரும்" என்றார். பூஜ்யம் என்ற சொல்லுக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. 304 ரூபாயைப் பூஜ்யமாக்க 40,000 ரூபாய் கொடுக்க என்னால் முடியவில்லை. அதுவும் சரியாகப் பூஜ்யம் ஆகாது. நிலைக் கட்டணம் எப்படியும் வரும். அதே மைத்துனர் வீட்டில் ஏசி இருக்கிறது, மகன் மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறான். அவர் வீட்டுக்கு மூன்று கிலோவாட்தான் சரி, அதை அவரிடமே சொன்னேன். ஏசி வாங்கும் எண்ணம் உள்ளவர்கள் இன்றைய பில்லோடு அந்த யூனிட்டையும் கூட்டிக்கொண்டுதான் அளவை முடிவு செய்ய வேண்டும்.

பக்கத்து அறையில் ஓடும் தறிக்குத் தனி மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தறிக்கு வேறு கட்டண வகை. வீட்டு மீட்டருக்குத்தான் இந்த மானியம். இரண்டு மீட்டரின் யூனிட்டையும் கூட்டி ஒரே கணக்காகப் போட்டு அளவைப் பெரிதாக்கிவிடக் கூடாது.

எனக்குப் பெரிய பாடம் சொன்னவர் என் தாயார். 2024 ஜூலையில் இன்னொரு விற்பனையாளர் அளவெடுக்க வந்தார். நிதானமானவர், நல்ல வேலைக்காரர். மாடிப்படி அறைக்கு வடக்கே, அதை ஒட்டியே, பேனல் வைக்கச் சுண்ணாம்பால் கோடு போட்டார். நண்பகல். அந்த இடத்தில் துளி நிழல் இல்லை. கீழே வந்து இடத்தைச் சொன்னதும் தாயார், "அங்கேயா? மார்கழியில் அந்த இடத்தில் வற்றல் காயாதே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நகரி ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஜூலையில் நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். மாடிப்படி அறையின் நிழல் தெற்கே விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். எட்டு அடி உயர அறை நண்பகலிலேயே ஆறு அடிக்கு வடக்கே நிழல் போடும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். பேனலின் செல்கள் சங்கிலிபோலக் கோத்தவை. ஒரு மூலையில் விழும் நிழல் மற்றவற்றையும் சேர்த்து இழுத்துவிடும். நாற்பது ஆண்டாக அந்த மாடியில் வடகமும் வற்றலும் காயவைத்தவருக்கு நிழல் எந்த மாதம் எங்கே விழும் என்று தெரிந்திருந்தது. பேனலைப் பத்து அடி வடக்கே தள்ளினோம். உங்கள் வீட்டிலும் மாடியில் எதையாவது காயவைப்பவர் இருப்பார். அளவெடுக்க வருகிறவரோடு அவரையும் மேலே அனுப்புங்கள்.

தள்ளியதால் வயர் நீண்டது, அதற்குக் கூடுதலாக 2,500 ரூபாய். கீழே நடமாட இடம் வேண்டும் என்று தாங்கியை உயர்த்தச் சொன்னோம், 5,000. பேனல் கழுவ மாடிக்குக் குழாய் இழுத்தது 2,000. ஆக 9,500 ரூபாய் விலைப்பட்டியலில் இல்லாமல் வந்த செலவு. தாங்கியில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நாள்களில் எங்கள் தெருவில் ஒரு தகர ஷீட் பெயர்ந்து அடுத்த மாடியில் விழுந்தது. பேனல் என்பது காற்றுக்கு ஒரு கப்பல் பாய். துருப்பிடிக்காத துத்தநாகப் பூச்சு இரும்பா, கான்கிரீட்டில் எப்படிப் பிடிக்கிறார்கள், போல்ட் போட்ட இடத்தில் நீர் கசியாமல் என்ன செய்கிறார்கள் என்று நின்று பாருங்கள். எர்த் குழிகளையும் எண்ணுங்கள்; பேனல் பக்கம், இன்வெர்ட்டர் பக்கம், இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனியாக வேண்டும்.

மானியம் வேண்டுமென்றால் இந்தியாவிலேயே தயாரித்த செல்கள் உள்ள பேனலாக இருக்க வேண்டும். அது சற்று விலை கூடுதல். மலிவாக ஒருவர் விலை சொன்னால், இந்தப் பேனலுக்கு மானியம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். என்னுடையது 540 வாட் பேனல் நான்கு, இரண்டு கிலோவாட் இன்வெர்ட்டர். 200 சதுர அடி நிழலில்லா இடம் இருந்தால் தாராளமாகக் கொள்ளும். என் விலைப்பட்டியல்களுக்குப் பிறகு, 2025 செப்டம்பர் 22 முதல், சோலார் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. இன்று கேட்பவர்கள் அந்தக் குறைவு பட்டியலில் தெரிகிறதா என்று பாருங்கள்.

பணம் விஷயத்தில் ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். மானியம் முன்னால் வராது. முழு 1,40,000 ரூபாயும் நாம் புரட்ட வேண்டும். பேனல் மாட்டி, இருவழி மீட்டர் வைத்து, எல்லாம் சரி என்று பதிவான பிறகுதான் வங்கிக் கணக்கில் மானியம் விழும். நான் சீட்டு எடுத்த பணத்தை வைத்துச் சமாளித்தேன். எங்கள் மின் இணைப்பு இறந்துபோன என் தகப்பனார் பெயரிலேயே இருந்தது. பெயர் மாற்றத்துக்கு வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது என்று அலைந்ததில் இரண்டு மாதம் போனது. மின் இணைப்பு, ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். நம் பக்கத்தில் தமிழ்ப் பெயர் தெலுங்கு வழியாக ஆங்கிலத்துக்குப் போகும்போது எழுத்து மாறிவிடும். என் பெயரில் ஓர் எழுத்துக்காக இன்னும் மூன்று வாரம் காத்திருந்தேன்.

2024 செப்டம்பர் கடைசியில் பேனல் ஓடத் தொடங்கியது.

முதல் வாரத்திலேயே என் மனைவி மாவரைப்பதை நண்பகலுக்கு மாற்றிக்கொண்டார். வெயில் இருக்கும்போதே அரைத்துவிட வேண்டும் என்று நினைத்தார். தேவையில்லை என்று விளக்கினேன். பகலில் நாம் செலவழிக்காத மின்சாரம் வெளியே போகும்போது இருவழி மீட்டர் அதைக் குறித்துக்கொள்கிறது. இரவில் நாம் எடுப்பதிலிருந்து யூனிட்டுக்கு யூனிட் கழிக்கிறது. எந்த நேரத்தில் அரைத்தாலும் கணக்கு ஒன்றுதான். மாத முடிவில் மிஞ்சும் யூனிட் அடுத்த மாதத்துக்குப் போகும். அதைப் பணமாகத் தீர்க்கும்போது மேல்படி விலை கிடைக்காது. மூன்றாவது கிலோவாட்டை வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். மேலே நெருப்பாய் வெயில் அடிக்க, கீழே மின்விசிறி நிற்பதைப் பார்த்துத் தாயார் திகைத்துப்போனார். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுகிறது. மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரி வேண்டும். அது வேறு செலவு, வேறு கணக்கு. பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாள்களில் அன்றைய உற்பத்தி முழுவதும் போய்விடும்.

கத்திரி வெயிலில்தான் அதிகம் வரும் என்று நினைத்திருந்தேன். எங்கள் மாடியில் முந்திக்கொண்டது மார்ச் மாதம். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 பாகைக்கு மேல் செல் சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ மூன்றில் ஒரு விழுக்காடு உற்பத்தி குறையும். மே மாத நண்பகலில் பேனலின் சூடு 65 பாகையைத் தொடும்போது ஏழில் ஒரு பங்கு அப்படியே கரைகிறது. தாங்கியை உயர்த்தியதால் அடியில் காற்று ஓடுவது இதற்கும் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி படுத்துவிட்டது. அது எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது தூசு. ஜல்லி லாரி போகும் சாலை பக்கத்தில் இருப்பதால், மாசி பிறந்ததும் பேனல் மீது மெல்லிய சாம்பல் படலம் விழுந்துவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை, சூரியன் ஏறும் முன், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது கழுவுகிறேன். போர் தண்ணீரை அப்படியே காயவிட்டால் உப்புத் திட்டு படியும். ரப்பர் பட்டையால் வழித்துவிட வேண்டும்.

ஓர் ஆண்டு முடிந்தபோது இன்வெர்ட்டர் காட்டியது 2,840 யூனிட். நான் எதிர்பார்த்தது 2,880. மாதாமாதம் பழைய விலைப்படிகளை வைத்துக் கணக்கிட்டதில் மிச்சமான கட்டணம் 19,300 ரூபாய், எதிர்பார்த்தது 20,600. உற்பத்தி கூடும் மாதமும் செலவு கூடும் மாதமும் சரியாகப் பொருந்தாததால் இந்தக் குறைவு. செலவும் 80,000 அல்ல, 89,500. ஆக நான்கு ஆண்டுக்குள் திரும்பும் என்றது நான்கரையைத் தாண்டும். பேனல் ஆண்டுக்கு அரை விழுக்காடு அளவில் தேயும் என்பதையும் சேர்த்து ஐந்து என்றே நான் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டில் திரும்பினாலும் எனக்கு நிறைவுதான். இந்த மே மாதம் கூடத்து மின்விசிறி பகல் முழுவதும் ஓடியது.

ஒரு வருத்தம் உண்டு. எங்கள் வீட்டில் நான்கு பழைய மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட். 30 வாட்டில் ஓடும் புதிய வகை இப்போது 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் நான்கும் சேர்ந்து மாதம் 65 யூனிட் குறைத்திருக்கும். 12,000 ரூபாய்க்கு அவற்றை முதலில் மாற்றிவிட்டு ஒரே ஒரு கிலோவாட் போட்டிருந்தால், மொத்தம் 57,000 ரூபாயில் பில் 597-க்கு இறங்கியிருக்கும். மூன்று ஆண்டு சொச்சத்தில் போட்டது திரும்பியிருக்கும். இந்தக் கணக்கு எனக்குப் பேனல் மாட்டி நான்கு மாதம் கழித்துத்தான் தோன்றியது. பேனல் விற்கிறவர் மின்விசிறியை மாற்றச் சொல்ல மாட்டார். நாம்தான் யோசிக்க வேண்டும்.

எல்லைக்கு அந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டையில் என் பங்காளி இருக்கிறார், எனக்கு அண்ணன் முறை. பேனலைப் பார்க்க வந்தவர் மாடியில் வெகுநேரம் நின்றுவிட்டு, "தம்பி, எனக்கும் ஒன்று போட்டுக் கொடு" என்றார். பில்லைக் கொண்டுவரச் சொன்னேன். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில், முதல் 100 யூனிட் இலவசம். அவரும் அண்ணியும் மட்டும் இருக்கும் வீடு. இரண்டு மாதத்துக்கு 150 யூனிட்டைத் தாண்டவில்லை. காசு கொடுத்து வாங்குவது அந்த மேல் 50 யூனிட் மட்டும். அதே வெயில்தான், சில கல் தொலைவுதான், ஆனால் அவர் வீட்டில் பேனல் கழிப்பதற்கு விலையுள்ள யூனிட்டே இல்லை. "அண்ணா, உங்களுக்கு வேண்டாம்" என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. தான் மட்டும் போட்டுக்கொண்டு என்னைத் தடுக்கிறான் என்று நினைத்தாரோ என்னவோ. கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது எங்கள் தெருக் கோடியில் இருக்கும் அக்கா ஒருவர் கேட்டிருக்கிறார். மகன் வெளியூரில் இருக்கிறான். அவர் ஒருவராகத் தையல் கடை நடத்துகிறார். விற்பனையாளர் மூன்று கிலோவாட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய பில்களில் பதினொன்று கிடைத்துவிட்டன, மே மாதத்தது மட்டும் இல்லை. அது கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.